சாட்சிப் பின்னல்

“தொண்ணூத்தாறு!” என்று அவள் கூவினாள்.

பட்டறையின் நாலு மூலையிலிருந்தும் “தொண்ணூத்தாறு!” என்று பதில் வந்தது. அச்சுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

“என்னங்க, காதுல விழுந்துச்சா?”

“விழாம? அடுத்த தெருவுக்கே விழுந்திருக்கும்.”

“அப்ப திருப்பிச் சொல்றதுக்கு என்ன? வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?”

“தொண்ணூத்தாறு” என்றார் அவர், குனிந்த தலை நிமிராமல்.

அவளுக்குத் திருப்தி. தராசிலிருந்த சணல் பின்னலை எடுத்து அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். “ம், இனி விரிப்பைத் தொடலாம்” என்று மற்றவர்களுக்கு உத்தரவு கொடுத்தாள். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

“கையுறை தீந்துபோச்சு. முனைக் கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். டீ வந்தா என் டம்ளர மூடி வைங்க. போன தடவை மாதிரி பாதியக் குடிச்சுட்டு, ஆறுனதுல வத்திப்போச்சுன்னு கதை விடாதீங்க.”

“டீ ஆறினா வத்தத்தான் செய்யும்.”

“ஆமா, நீங்க பக்கத்துல இருந்தா மட்டும் வத்தும்.”

டீ வந்தது. வெட்டிப்போட்ட சணல் பலகைத் துண்டு ஒன்றை எடுத்து அவர் அவள் டம்ளரை மூடி வைத்தார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. இதை அவர் பிற்பாடு பல பேரிடம் சொன்னார், அது ஏதோ முக்கியமான சாட்சியம் போல.

கடைக்காரர் போன் பண்ணியபோது டீயில் இன்னும் சூடு இருந்தது. கையுறைக் கட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே கடைப் படியில் சரிந்துவிட்டாளாம். அவர் ஓடிப்போய்ச் சேரும்போது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. இரண்டு பேர் அவளைப் பலகையில் கிடத்தி மூன்று படி இறக்கினார்கள். முன்னால் பிடித்தவர் மூச்சு வாங்க, “பாத்துப் பிடிப்பா, கனம்” என்றார்.

அவள் கனமில்லை. ஐம்பது கிலோ இருந்தால் அதிகம். கனம் அந்தப் பலகை. கண்ணாடி நார்ப் பலகை. கையில் தூக்காமலே அவருக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் மனுஷனுக்கு அப்படி ஒரு நினைப்பு வரலாமா என்று பின்னால் அவர் வெட்கப்பட்டார். ஆனால் வந்தது என்னவோ உண்மை.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, வழியிலேயே முடிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

*

அந்தப் பட்டறை அவளும் அவள் தம்பியும் சேர்ந்து தொடங்கியது. தம்பிக்கு வெளிவேலை: ஆர்டர் பிடிப்பது, பேசுவது, கெஞ்சுவது, தேவைப்பட்டால் முறைப்பது. கணவருக்கு வார்ப்பு அச்சு செய்யும் வேலை. ஊரே அவரை அச்சுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. அவளுக்கு நார். முதல் பத்து வருஷம் கண்ணாடி நார், அதாவது ஃபைபர்கிளாஸ். மூன்று பேரும் கண்ணாடி நார் விரித்து, அதன்மேல் ரெசின் என்ற பிசினை ஊற்றி, தொட்டியும் மூடியும் நாற்காலியும் செய்தார்கள். அவள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எப்போதும் சிவந்து தடித்திருக்கும். கண்ணாடித் தூசி கண்ணுக்குத் தெரியாத முள். குளித்தாலும் போகாது.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு நாற்காலி இறக்கப் போனவள், வார்டில் வேலை பார்க்கும் ஒரு பெண் மணிக்கட்டில் துணி சுற்றியிருப்பதைப் பார்த்து விசாரித்தாள். “நாளைக்கு முப்பது தடவை ஸ்ட்ரெச்சர் பலகை தூக்கறேன் அக்கா. ஆளு கனமா, பலகை கனமான்னே தெரியல” என்றாளாம் அந்தப் பெண். அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு இந்தச் சணல் கிறுக்கு. கண்ணாடிக்குப் பதில் சணல் நாரை வைத்து ரெசின் ஏற்றினால் அதே பலகை ஒன்றரை கிலோ குறையும். வெட்டினால் மரத்தூள் மாதிரித் தூள்தான் பறக்கும், முள் பறக்காது.

எல்லாம் சரி, ஒரே ஒரு சனியன். சணலுக்குத் தாகம் தீரவே தீராது. காற்றில் இருக்கிற ஈரத்தைச் சும்மா உட்கார்ந்தபடியே குடித்துவிடும். ஈரத்தோடு ரெசின் ஊற்றி அழுத்தினால், சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி உள்ளே கொப்புளம் போடும். நாரும் ரெசினும் ஒட்டாது. மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே பொக்கை. ஈரம், ஈரம் என்று அவள் எந்த நேரமும் பிடுங்கி எடுத்ததில் பட்டறையில் அவளுக்கு ஈரக்கா என்றே பெயர் விழுந்தது. அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் அந்தப் பின்னல். சணல் நாரைக் கை கனத்துக்கு மூன்று புரியாகப் பின்னி வைத்திருந்தாள். பலகைக்கான சணல் விரிப்புகளைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து அலசும்போது, கடைசித் தண்ணீரில் பின்னலையும் முக்குவாள். விரிப்புகளோடு அதுவும் அடுப்புக்குள் போகும். ஆள் உயர இரும்பு அலமாரி மாதிரி ஒரு அடுப்பு, உள்ளே சூடான காற்று சுற்றும். அரை மணிக்கு ஒரு தடவை பின்னலை எடுத்து எடை போடுவாள். முழுசாகக் காய்ந்தால் அது தொண்ணூற்றாறு கிராம். தொடர்ந்து மூன்று தடவை அதே எடை வந்தால்தான் விரிப்பைத் தொட விடுவாள்.

“விரிப்பையே எடை போட்டுட்டுப் போயேன்” என்று அச்சுக்காரர் ஒரு தடவை கேட்டார்.

“ஒவ்வொரு விரிப்பும் ஒவ்வொரு எடைங்க. அதுல எது நார், எது தண்ணின்னு அது சொல்லுமா? இந்தப் பின்னல் பொய் சொல்லாது. விரிப்பைவிட இது தடிமன். கடைசியா காயறது இதுதான். இது காஞ்சா எல்லாம் காஞ்ச மாதிரி. இதுதான் என் சாட்சி.”

“சாட்சிய அடுப்புல போட்டு வறுக்கிற கோர்ட்ட இப்பதான் பாக்கறேன்.”

இரண்டு வருஷம் அப்படி உழைத்த பிறகு ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் வாங்கும் நிறுவனம் கொஞ்சம் இறங்கி வந்தது. ஆறு பலகை கொடுங்கள், எங்கள் சோதனைக்கூடத்தில் தண்ணீரில் ஊறப்போட்டு, பாரம் ஏற்றிப் பார்க்கிறோம், தேறினால் எல்லா வார்டுக்கும் இதுதான் என்றது. மாதக் கடைசி கெடு. அவள் போனது கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால்.

*

அவள் போன மறுநாள் அச்சுக்காரர் பட்டறைக்கு வந்தார். வேலைக்கு இல்லை. அவளுடைய கைப்பை, மூக்குக்கண்ணாடி, மேசை இழுப்பறையில் இருந்த சீப்பு, இதையெல்லாம் எடுத்துப்போக. பலகையை அழுத்தும் பிரஸ் ஓட்டும் ஆளும் இன்னும் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். போகிற போக்கில் ஆணியில் தொங்கிய பின்னலைப் பார்த்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தபோது நாரோடு நாராக அவள் தலைமுடி ஒன்று பின்னலுக்குள் ஓடுவது தெரிந்தது. பாதி கறுப்பு, பாதி வெள்ளை. பின்னும்போது உதிர்ந்து மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவர் பின்னலைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

வீட்டில் அதைப் படுக்கைக்குப் பக்கத்துச் சட்டை மாட்டியில் தொங்கவிட்டார். வந்துபோன உறவுக்காரர்கள் யாரும் அது என்னவென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்பதும் சந்தேகம்.

பட்டறைப் பக்கம் அவர் மூன்று வாரம் போகவில்லை. அதற்குள் மைத்துனன் ஆறு பலகையையும் செய்து கெடுவுக்குள் கொடுத்துவிட்டான். வந்து சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. “அக்கா பேர்ல கொடுத்திருக்கேன் மாமா. அவ நோட்டுல எழுதி வச்சபடியே, ஒரு வரி பிசகாம செஞ்சோம்.”

அவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. பதினான்கு நாள் தண்ணீரில் ஊறிய பிறகு ஆறில் நான்கு பலகை ஓரம் ஊதி, அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. ஐந்தாவது பாரம் ஏற்றியதும் முறிந்தது. ஆறாவதைச் சோதிக்கவே இல்லை. ‘தயாரிப்புக் குறிப்பின்படி செய்தும் பலகைகள் தேறவில்லை. ஆகவே சணல் நார் இந்தப் பயனுக்குத் தகுதியற்றது. கண்ணாடி நார் பரிந்துரைக்கப்படுகிறது. சம்மதத்தை வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்.’

மைத்துனன் கடிதத்தை மடித்து, விரித்து, மறுபடி மடித்தான்.

“கண்ணாடிக்கே திரும்பிடலாம் மாமா. இன்னும் அஞ்சு நாள் இருக்கு. கண்ணாடி தண்ணி குடிக்காது.”

“உங்க அக்கா கையப் பாத்திருக்கியா நீ?”

“சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன். அந்தக் கையால எழுதின நோட்டு மாமா அது. அதை வச்சுத்தான் செஞ்சோம், அது தேறல. நான் வேற என்ன பண்ணட்டும்? அவ தப்பு பண்ணிட்டான்னு நான் சொல்லல. சணலுக்கு அவ்வளவுதான் சத்துன்னு சொல்றேன்.”

சொல்லிவிட்டு அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அச்சுக்காரருக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவனுக்கும் அவள் ஒரே அக்கா. ஆனால் ‘தகுதியற்றது’ என்ற சொல் மட்டும் தொண்டையில் மாட்டிய மீன் முள் மாதிரி நின்றது. அது சணலுக்குச் சொன்னதாக அவருக்குத் தோன்றவில்லை.

*

புதன்கிழமை காலையிலிருந்து மழை விடாமல் பெய்தது. வீட்டில் துவைத்துப்போட்ட சட்டை இரண்டு நாளாகக் காயாமல் நாறியது. அதை எடுத்து உதறும்போது பக்கத்தில் தொங்கிய பின்னல் கையில் பட்டது. குளுகுளுவென்று, தொய்வாக, ஏதோ உயிருள்ளது மாதிரி இருந்தது. ஆணியில் தொங்கியபோது மொறமொறவென்று இருந்த பின்னல்.

அவருக்கு என்ன தோன்றியதோ, அதைச் சமையலறைக்குக் கொண்டுபோய், மாவு நிறுக்கிற தராசில் வைத்தார். நூற்றுப்பத்து.

தராசு தப்போ என்று ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தார். சரியாக ஒரு கிலோ காட்டியது. மறுபடி பின்னல். நூற்றுப்பத்து. யாரும் தண்ணீரில் முக்கவில்லை. கூரைக்குக் கீழே, சுவர் ஓரமாகச் சும்மா தொங்கியதற்கே பதினாலு கிராம் குடித்திருக்கிறது.

‘இதுல ஏறியிருக்கிற ஈரம் உங்களுக்குத் தெரியுதா’ என்று அவள் கேட்கிற மாதிரியே இருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஒரு கேள்வி மெதுவாக மேலே வந்தது. பலகை செய்த அன்றைக்கு இவர்கள் எதை எடை போட்டார்கள்?

குடையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

பிரஸ் ஓட்டுகிறவருக்குப் புயல் என்று பெயர். ஒரு திருகைத் திருகக் கால்மணி நேரம் எடுத்துக்கொள்கிற ஆள் என்பதால் வந்த பெயர். அச்சுக்காரர் உள்ளே வந்ததும் புயல் எழுந்து, துணியில் கை துடைத்து, அந்தத் துணியை மடித்து வைத்து, அப்புறம்தான் “வாங்கண்ணே” என்றார்.

“அந்த ஆறு பலகை செஞ்ச அன்னைக்கு விரிப்பு காஞ்சதை எப்படிப் பாத்தீங்க?”

புயல் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

“நோட்டுல போட்டிருந்துச்சுண்ணே.”

“என்ன போட்டிருந்துச்சு?”

“காயும் வரைன்னு. பக்கத்துலயே, சாதாரணமா நாலு மணி நேரம்னு போட்டிருந்துச்சு. நாலு மணி நேரம் வச்சோம். ஒரு நிமிஷம் கூடக் குறைக்கல.”

“அன்னைக்கு மழையா?”

“கொட்டுச்சு. அதோட ஆளுங்க வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போனதால நாலு நாளா கதவு ஒரே திறப்பு. கட்டுக்கட்டா சணல் இங்கதான் கிடந்துச்சு.”

“பின்னலை எடை போடலையா?”

புயலின் முகம் சுண்டிப்போனது. பின்னால் நின்ற இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“அது இல்லையேண்ணே” என்றார் புயல். “நீங்க எடுத்துட்டுப் போனத நாங்க பாத்தோம். உங்ககிட்ட வந்து, அதைக் குடுங்க, வேலைக்கு வேணும்னு எந்த வாயால கேக்கறது? தம்பி கூட உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தாராம். சன்னல் வழியா பாத்தா நீங்க அதைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களாம். திரும்பி வந்துட்டாரு. வேற ஒண்ணு பின்னிக்கலாம்னு சொன்னேன். புதுசு பின்னினா அது காஞ்சா எத்தனைன்னு யாருக்குத் தெரியும், அதுக்கு ரெண்டு நாள் வேணும், கெடு நாளைக்குன்னு சொல்லிட்டாரு.”

அச்சுக்காரர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். வெளியே நிறுத்திவைத்த குடையிலிருந்து ஒழுகிய தண்ணீர் வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அதைக்கூட ஈரக்கா விடமாட்டாள் என்று யாருக்கோ தோன்ற, ஒருத்தர் போய் அதைத் துடைத்தார்.

“திட்டுங்கண்ணே” என்றார் புயல். “திட்டினா கொஞ்சம் ஆறும்.”

“உன்னைத் திட்டி எந்தக் காலத்துல எது நடந்திருக்கு?” என்றார் அவர். புயல் சிரித்துவிட்டார். சிரித்ததற்காக உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

*

மைத்துனன் கேட்டதும் வெடித்தான். “இதைப் போய் அவங்ககிட்ட சொல்லப் போறீங்களா? நம்ம பட்டறையில ஒழுங்கா வேலை நடக்கலன்னு நாமளே எழுதிக் கொடுக்கிற மாதிரி. கண்ணாடி ஆர்டரும் கைய விட்டுப் போகும் மாமா.”

“போகட்டும். அவ எழுதினது தப்புன்னு இருக்கிறதுக்கு, நான் பண்ணினது தப்புன்னு இருக்கட்டும்.”

“நீங்க என்ன தப்பு பண்ணீங்க? ஒரு முழச் சணலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது தப்பா?”

“அதைத்தான் சொல்லப் போறேன். நீயும் கூட வா.”

மைத்துனன் சாவியை எடுத்தான். “வாசல்லேயே நின்னு திரும்பி வந்தேன் பாருங்க, அதையும் சேத்துச் சொல்லுங்க” என்றான்.

சோதனைக்கூடத்தின் தலைமை அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி. ஊதிப் பிரிந்த பலகைகளைச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார். அச்சுக்காரர் முதல் பலகையை விரல் கணுவால் தட்டினார். நல்ல பலகை கணீரென்று பேசும். இது தொப்பென்றது. ஈர மண்சுவரைத் தட்டிய மாதிரி. சோதிக்காமல் வைத்திருந்த ஆறாவதைத் தட்டினார். அதுவும் அதே தொப்பு.

“தண்ணியில போடாததும் இப்படித்தான் பேசுது பாருங்கம்மா” என்றார். “உங்க தொட்டி பண்ணின வேலையில்ல. எங்க பட்டறையிலேர்ந்து வரும்போதே இதுல ஈரம் இருந்திருக்கு.”

“தோத்துப்போனவங்க எல்லாரும் ஒரு கதையோடதான் வருவாங்க” என்றார் அந்த அம்மா. “உங்க குறிப்புல நாலு மணி நேரம்னு இருக்கு. நாலு மணி நேரம் வச்சிருக்கீங்க. அப்புறம் என்ன?”

“குறிப்புல காயும் வரைன்னும் இருக்கு. காஞ்சதான்னு பாக்கிற சாமான் இதுதான். அன்னைக்கு இது எங்க வீட்டுல இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டுப் போனேன்.” அவர் மூடிபோட்ட டப்பாவைத் திறந்து பின்னலை மேசைமேல் வைத்தார். “என் வீட்டுக்காரி பின்னினது.”

அந்த அம்மா பின்னலைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மைத்துனன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அவங்க…”

“இல்லைம்மா. இறந்து ஒன்றரை மாசம் ஆகுது.”

அந்த அம்மா, “காஞ்சா எத்தனை இருக்கணும்?” என்று கேட்டார்.

“தொண்ணூத்தாறு.”

“என் தராசுல போடுங்க.”

நூற்றொன்பது கிராம். பின்னலைச் சோதனைக்கூடத்து அடுப்பில் வைத்தார்கள். அரை மணிக்கு ஒரு தடவை அந்த அம்மாவே எடுத்து எடை போட்டார். நூற்றிரண்டு. தொண்ணூற்றெட்டு. நடுவில் டீ வந்தது. அந்த அம்மா தன் டம்ளரை ஒரு தாளால் மூடி வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனதை அச்சுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றேழு. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றாறு.

“சரி” என்று நகரப் போனார் அந்த அம்மா.

“இன்னொரு தடவை போடணும்மா” என்றார் அச்சுக்காரர். “மூணு தடவை ஒண்ணா வரணும்னு அவ சொல்வா.”

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு அரை மணி காத்திருந்தார். தொண்ணூற்றாறு.

“உங்க நோட்டுல இருக்கிற அந்த நாலு மணி நேரத்தை அடிங்க” என்றார். “அடிச்சுட்டு இந்தப் பின்னலை எழுதுங்க. அடுத்தவங்க செய்யறதுக்குத்தானே குறிப்பு. எழுதி, ஆறு பலகை கொண்டு வாங்க. இந்தத் தடவைதான், மறு தடவை கிடையாது.”

வெளியே வந்ததும் மைத்துனன், “அக்கா இருந்திருந்தா அந்தம்மாகிட்டயே ஈரத்தப் பத்தி ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருப்பா” என்றான்.

“அந்தம்மாவும் விட்டிருக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் உக்காந்து தராசைக் கழட்டியிருப்பாங்க.”

*

நோட்டில் ‘சாதாரணமாக நாலு மணி நேரம்’ என்ற வரியை மைத்துனன்தான் அடித்தான். அவள் கையெழுத்தின்மேல் கோடு போட அவனுக்கு மனசே வரவில்லை. அளவுகோலை எடுத்து மெல்லிசாக, படிக்க முடிகிற மாதிரி அடித்தான். பக்கத்தில் பின்னலைப் பற்றி எட்டு வரி எழுதினான். அச்சுக்காரர் சொல்லச்சொல்ல எழுதினது.

அன்றைக்கும் மழை. விரிப்புகளை அலசி, கடைசித் தண்ணீரில் பின்னலையும் முக்கி அடுப்பில் ஏற்றினார்கள். நாலு மணி நேரம் ஆனபோது பின்னல் நூற்றைந்து. முதல் ஆறு பலகை செய்த அன்றைக்கும் ஏறக்குறைய இவ்வளவுதான் இருந்திருக்கும் என்று நினைத்தபடி எல்லாரும் தராசையே பார்த்தார்கள். ஏழேகால் மணி நேரம் பிடித்தது. முதல் தொண்ணூற்றாறு வந்தபோது யாரும் கூவவில்லை. இரண்டாவதற்கும் கூவவில்லை. மூன்றாவதற்குப் புயல் அச்சுக்காரரைப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்கண்ணே.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்குக் கூவி வழக்கமில்லை. சாதாரணக் குரலில்தான் சொன்னார். மற்றவர்கள் கூவினார்கள்.

பதினான்கு நாள் கழித்து சோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தது. ஆறும் பாரம் தாங்கின. ஒன்றில் மட்டும் கைப்பிடி ஓட்டையின் விளிம்பில் நகக்கண் அளவு ஊதல். அங்கே ரெசின் பூச்சு சரியாகப் படியவில்லை, இனி அதைக் கவனிக்கச் சொன்னார்கள். ‘தகுதியற்றது’ என்ற கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக ஒற்றை வரியில் ஒரு தாள் தனியாக வந்தது. மைத்துனன் அதை நோட்டுக்குள் வைத்தான்.

முதல் இருபது பலகை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அச்சுக்காரரும் வண்டியில் போனார். இறக்கி வைக்கும்போது, வார்டில் வேலை பார்க்கும் ஒரு பெண் பலகையை ஒரு கையால் தூக்கி, மேலும் கீழும் ஆட்டி, “இது உடைஞ்சுடாதே?” என்று சந்தேகமாகக் கேட்டாள். அவள் மணிக்கட்டில் துணி சுற்றியிருக்கவில்லை. இவள் வேறு பெண்ணாக இருக்கும். அவர் அதன்மேல் ஏறி நின்று காட்டினார். நின்றபடியே கொஞ்சம் அழுதார். அந்தப் பெண் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

பின்னலை அவர் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அது இருக்கவேண்டிய இடம் ஆணிதான். ஆனால் அந்த முடி விஷயம் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. வாரத்துக்கு நாலு தடவை தண்ணீரில் முக்கி, நாலு தடவை அடுப்பில் வறுத்தால் ஒரு முடி எத்தனை நாள் தாங்கும்?

ஒருநாள் காய்ந்து முடிந்த பின்னலைத் தராசுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊசி நுனியால் மெதுவாக நெம்பினார். புயல் வந்து நின்றார்.

“என்னண்ணே தேடறீங்க?”

“அவ முடி ஒண்ணு இதுல இருக்கு.”

புயல் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எதையும் அவர் ரொம்ப நேரம்தான் பார்ப்பார்.

“எடுத்துட்டா எடை மாறிடாதாண்ணே? அக்கா எடை போட்டது இதோட சேத்துத்தானே?”

அது அச்சுக்காரருக்குத் தோன்றியிருக்கவில்லை. கை அப்படியே நின்றது. மாறினால் என்ன செய்வது? நோட்டில் எழுதியாகிவிட்டது. சோதனைக்கூடத்திலும் எழுதியாகிவிட்டது.

“போட்டுப் பாப்போம்” என்றார்.

முடி முழுசாக வந்தது, கை நீளத்துக்கு. வேர்ப்பக்கம் வெள்ளை, நுனி கறுப்பு. அதைச் சுருட்டி மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டார். புயல் பின்னலை இரண்டு கையாலும் தூக்கித் தராசில் வைத்தார். எண் கொஞ்சம் தடுமாறி நின்றது.

தொண்ணூற்றாறு.